நாலரை ஏக்கர் தோட்டமும் உங்க பாகூர் நிலமும்

டிஜோன், நவம்பர் மாசம்

அடியே,

உன் கடிதம் வந்து மூணு வாரம் ஆகுது, பதில் போடலன்னு கோச்சுக்காத. நைட் டூட்டி மாத்தி மாத்திப் போட்டுட்டாங்க, வீட்டுக்கு வந்தா படுக்கத்தான் தோணுது, இங்க இப்பவே அஞ்சு அஞ்சரைக்கெல்லாம் இருட்டிடுது, குளிரும் ஆரம்பிச்சாச்சு. இன்னிக்கு லீவு. டீ போட்டு வச்சுக்கிட்டு நிதானமா உக்காந்திருக்கேன்.

நீ ரெண்டு விஷயம் எழுதியிருந்த. ஒண்ணு, பெரியவனுக்கு கேட்டரிங் காலேஜ்ல ஒயின் பத்தி ஒரு பேப்பர் இருக்கு, பிரான்ஸ்ல எந்தெந்தத் திராட்சைத் தோட்டம் பேர் போனது ஏன் பேர் போனதுன்னு ஒண்ணும் மண்டைல ஏறல, சித்தி கிட்ட கேட்டு எழுதும்மான்னு சொன்னான்னு. அது ஒரு பக்கத்துக்கு இருந்துது. அப்புறம் கடைசில ரெண்டே வரி, அப்பா போன பிறகு பாகூர் நிலத்த நாலு பேரும் பிரிச்சுக்கப் போறீங்க, ஆளுக்கு ஒரு ஏக்கர் கூட தேறாது, புரோக்கர் வேற வந்துட்டுப் போறான்னு. அந்த ரெண்டு வரிதான்டி எனக்கு மனசுல நின்னுச்சு. ரெண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதறேன், ஏன்னா இங்க நான் பார்த்த வரைக்கும் ரெண்டும் ஒரே கதைதான்.

செப்டம்பர்ல எங்க கீழ் வீட்டுத் தாத்தா என்னைக் கார்ல கூட்டிட்டுப் போனார். எண்பது வயசு தாண்டிடுச்சு, வாழ்க்கை பூரா திராட்சைக் கொடி கவாத்து பண்ற வேலை பார்த்தவர். டிஜோன்லேர்ந்து தெக்கால அரை மணி நேரம் போனா வோன் ரொமானேன்னு ஒரு சின்ன ஊரு, சர்ச்சு, நாலு தெரு, அவ்ளோதான். ஊருக்குப் பின்னாடி கிழக்கு பார்த்த சரிவு, காலை வெயில் நேரா விழும். அதுல ஒரு தாழ்வான கல்லு சுவரு, ஒரு கல் சிலுவை. தாத்தா தொப்பியக் கழட்டிட்டு நின்னார். இதுதான் ரொமானே கோந்தி. உலகத்துலேயே விலை அதிகமான ஒயின்கள்ல ஒண்ணு வர்ற இடம், மொத்தமே 1.81 ஹெக்டேர், நம்ம கணக்குல நாலரை ஏக்கர். வருஷத்துக்கு 5,000, 6,000 பாட்டில் வந்தாலே பெருசு. உள்ள யாரும் கால் வைக்காதீங்க, ரோட்டுலயே நின்னு பாருங்கன்னு ஒரு போர்டு இருக்கு, கேட் பூட்டு எதுவும் கிடையாது, ஆனா நாங்க நின்ன நேரத்துல யாரும் தாண்டல.

அதுக்கு நேர் மேல லா ரொமானேன்னு இன்னொரு தோட்டம், ஒரு ஹெக்டேர் கூட இல்ல. பக்கத்துல ரிஷ்பூர். எல்லாத்துலயும் ஒரே திராட்சைதான், பினோ நுவார். ஒரே வெயில், ஒரே மழை, நடுவுல ஒரு வரப்பு, ஒரு நடைபாதை. ஆனா பேர் வேற, ருசி வேற, விலை வேற. பூர்கோஞ்ல, அதாவது இங்கிலீஷ்ல பர்கண்டின்னு சொல்ற இந்தப் பகுதில, இப்படி ஒவ்வொரு துண்டுக்கும் பேர் வச்சிருக்காங்க, க்ளிமான்னு சொல்லுவாங்க, மொத்தம் 1,247 இருக்கு, 2015ல யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்லயும் சேர்த்தாங்க. உங்கப்பா சொல்லுவாரே, ஏரி மதகுகிட்ட இருக்கற துண்டுல விளையற நெல்லும் மேட்டுத் துண்டுல விளையற நெல்லும் சோத்துல தெரியும்னு, நாம நம்பாம சிரிப்போமே. இங்க அதையே ஒரு ஜனமே சேர்ந்து எண்ணூறு தொள்ளாயிரம் வருஷமா எழுதி வச்சிருக்கு. முதல்ல கவனிச்சது சிஸ்தெர்சியன்னு ஒரு கிறிஸ்தவ மடத்து சாமியாருங்க, பாறை, சுண்ணாம்பு, களிமண், எங்க தண்ணி நிக்குது, எங்க பனி முதல்ல உருகுதுன்னு பார்த்துப் பார்த்து சுவர் கட்டினவங்க.

பெரியவன் கிட்ட ஒண்ணு சொல்லு, இந்த நாலரை ஏக்கருக்கு ஏன் இவ்ளோ பேருன்னு கேட்டா மண்ணு மட்டும் பதில் இல்ல, 1945 தான் பதில். 1860கள்ல அமெரிக்காலேர்ந்து ஃபிலாக்செராங்கற பூச்சி வந்து பிரான்ஸ் பூரா கொடிங்களோட வேரத் தின்னுடுச்சு. கடைசில அமெரிக்க வேர் மேல பிரெஞ்சுக் கொடிய ஒட்டு கட்டித்தான் தப்பிச்சாங்க, நம்ம ஒட்டு மாங்கா மாதிரியே. ஆனா ரொமானே கோந்தில மட்டும் ஒட்டுப் போட மனசு வரல, மண்ணுக்குள்ள மருந்து செலுத்தி செலுத்தி பழைய கொடிங்கள சொந்த வேர்லயே காப்பாத்திட்டு வந்தாங்க. யுத்த காலத்துல மருந்தும் கெடைக்கல ஆளும் கெடைக்கல. 1945 அறுவடைல வந்தது 600 பாட்டில்தான். அது முடிஞ்சதும் பிடுங்கிட்டாங்க. 1947ல புதுசா நட்டாங்க, 1946லேர்ந்து 1951 வரைக்கும் அந்தப் பேர்ல ஒரு பாட்டில் கூட வரல, 1952லதான் திரும்ப வந்துது. ஆறு வருஷம்டி. வேற தோட்டத்து ஒயின ஊத்தி அதே லேபிள ஒட்டி வித்திருந்தா வாங்க ஆள் இல்லாமலா போயிருக்கும்? செய்யல. அந்த 1945 பாட்டில் ஒண்ணு 2018ல நியூயார்க் ஏலத்துல 5,58,000 டாலருக்குப் போச்சு, ஆனா எனக்கு அந்த விலைய விட அந்த ஆறு வருஷ வெறுமைதான் பெருசாத் தெரியுது.

இப்போ நிலம் பிரிக்கற கதைக்கு வரேன். அங்கேர்ந்து கொஞ்ச தூரத்துல குளோ த வூஜோன்னு ஒரு தோட்டம், சாமியாருங்க சுவர் கட்டின 50 ஹெக்டேர். பிரெஞ்சுப் புரட்சில அரசாங்கம் புடுங்கி வித்துது, அப்பக்கூட ஒரே கைலதான் இருந்துது, 1889ல பிரிஞ்சுது பாரு, அப்புறம் நிக்கவே இல்ல. இங்க சிவில் சட்டப்படி பிள்ளைங்களுக்கு சமபங்கு, நம்ம புதுச்சேரிலயே சில குடும்பங்களுக்கு இன்னும் அந்த பிரெஞ்சு சட்டம் ஓடுதே, உனக்குத் தெரியும். பிள்ளை, பேரன், பேத்தின்னு பிரிச்சுப் பிரிச்சு இன்னிக்கு அந்த ஒரே சுவருக்குள்ள 80 சொந்தக்காரங்க. சிலருக்கு சில வரிசைக் கொடிதான் பங்கு. மேல்பக்கம் நல்ல வடிகால், கீழ ரோட்டுப் பக்கம் களிமண், தண்ணி நிக்கும், ஆனா எல்லா பாட்டில்லயும் ஒரே பேரு. யார் செஞ்சதுன்னு பார்க்காம அந்தப் பேர நம்பி வாங்கினா ஏமாறத்தான் வேணும். தாத்தா சொன்னார், சுவர் அப்படியேதான் நிக்குது, தோட்டம்தான் இல்லன்னு.

ரொமானே கோந்தி மட்டும் ஏன் துண்டாகல? 1942ல அதை ஒரு கம்பெனியா மாத்திட்டாங்க, விலேன் குடும்பத்துக்குப் பாதி, லெருவா குடும்பத்துக்குப் பாதி. புள்ளைங்க பெருக பெருக பங்குப் பத்திரம் பிரியும், கொடி வரிசை பிரியாது. உழவு ஒண்ணு, அறுவடை ஒண்ணு, கணக்கு ஒண்ணு. இதைக் கேட்டதும் உன் நெனப்புதான் வந்துது. நாலு பேரும் வரப்பு போட்டுத்தான் ஆகணுமா? நிலத்த ஒண்ணா வச்சு குத்தகைக்கு விட்டு பணத்த நாலா பிரிச்சுக்க முடியாதா, உங்க அண்ணன் கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?

இதுலயும் ஓட்டை இருக்குன்னு சொல்லாம விட்டா தப்பு. தெக்கு மேக்கா போர்தோன்னு இன்னொரு ஒயின் பகுதி, அந்தப் பக்கம் ஷத்தோ இக்கெம்னு ஒரு தோட்டம். 1785ல கல்யாணத்து மூலமா லுர் சலுஸ் குடும்பத்துக்கு வந்துது. மூணு வருஷத்துல புருஷன் செத்துட்டான், அந்தச் சின்ன வயசுப் பொண்ணு ஜோசஃபின் தனியா நின்னு புரட்சியெல்லாம் தாண்டி பல வருஷம் தோட்டத்த நடத்தினா. அப்படி வந்த இடம், 1996ல குடும்பத்துக்குள்ள பங்கு வச்சிருந்தவங்க எல்விஎம்எச்னு ஒரு பெரிய சொகுசுப் பொருள் கம்பெனிக்கு வித்துட்டாங்க, நடத்திக்கிட்டிருந்தவரு எதிர்த்து சண்டை போட்டார், 1999ல முடிஞ்சுது, தோட்டம் முழுசா இருக்கு, ஆனா குடும்பத்துக் கைய விட்டுப் போயிடுச்சு. அதனால பத்திரம் போட்டா மட்டும் போதாது, நாலு பேருக்கும் மனசும் ஒத்து வரணும், அதை நீ என்னை விட நல்லா அறிஞ்சவ.

இக்கெம் ஒயின் செய்யற விதம் கேட்டா அசந்து போவ. இனிப்பு வெள்ளை ஒயின், செமியோன் திராட்சைதான் அதிகம், கூட சாவின்யோன் பிளாங். அங்க சிரோன்னு ஒரு சின்ன ஆறு, தண்ணி ஜில்லுன்னு இருக்கும், அது வெதுவெதுன்னு ஓடற கரோன் ஆத்துல கலக்கற இடத்துல இலையுதிர் காலத்துல காலைல பனிமூட்டம் கட்டும், மத்தியானம் வெயில் அடிச்சு விலகிடும். அந்த ஈரத்துல பழத்து மேல போட்ரிட்டிஸ்னு ஒரு பூஞ்சை புடிக்கும். வேற இடமா இருந்தா பழம் அழுகிடுச்சுன்னு தூக்கிப் போடுவோம். இங்க அது தோல்ல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை போட்டு தண்ணிய வெளிய விட்டுடும், பழம் சுருங்கி சக்கரையும் ருசியும் கெட்டிப்பட்டு நிக்கும். ஒரே நாள்ல எல்லா பழத்துக்கும் பிடிக்காதே, அதனால ஆளுங்க அதே வரிசைக்கு அஞ்சு தடவை ஆறு தடவை கூட வந்து பக்குவமானதை மட்டும் பொறுக்குவாங்க. ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ் ஒயின்னு கணக்கு. 1855ல பாரிஸ் கண்காட்சிக்காக மூணாம் நெப்போலியன் போர்தோ ஒயினுக்கெல்லாம் தரவரிசை போடச் சொன்னப்போ இதுக்கு மட்டும் எல்லாத்துக்கும் மேல தனியா ஒரு படி குடுத்தாங்க. அப்படிப்பட்டவங்க 2012ல பழம் சரியா அமையலன்னு அந்த வருஷம் இக்கெம் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. 1992லயும் அப்படித்தான். பேர் இருக்கறப்பவும் இந்த வருஷம் வேணாம்னு சொல்ல எவ்ளோ தைரியம் வேணும்!

பெரியவனுக்கு பரீட்சைக்கு வேணும்னா இத மட்டும் புரிய வை. பூர்கோஞ்ல பெரும்பாலும் ஒரு ஒயினுக்கு ஒரே வகைத் திராட்சை, மண்ணு பேசணும். ரொமானே கோந்தி தோட்டத்துல காம்போடவே குலைய புளிக்க வைப்பாங்க, புது ஓக் பீப்பாய்ல ஊற வைப்பாங்க, மண்ணு இறுகக்கூடாதுன்னு குதிரை வச்சு உழறதும் உண்டு. போர்தோல பல வகைத் திராட்சையோட கலவை. கடல் பக்கம், வானிலைய நம்ப முடியாது, மெர்லோ முன்னாடியே பழுக்கும், கபெர்னே சாவின்யோன் லேட்டா பழுக்கும், ஒண்ணு போனா ஒண்ணு காப்பாத்தும். நம்ம அம்மாங்க இட்லிக்கு வெயில் காலத்துக்கு ஒரு அளவு பனிக் காலத்துக்கு ஒரு அளவுன்னு அரிசியும் உளுந்தும் மாத்துவாங்களே, அதே மாதிரி அங்க வருஷா வருஷம் அளவு மாறும். போர்தோலயே பொமெரோல்ங்கற இடத்துல இருக்கற பெத்ருஸ் தோட்டம் ஒரு விதிவிலக்கு, களிமண் மேடு, மெர்லோ மட்டும்தான்.

போர்தோல இருக்கற மூத்தோன் ரோத்ஷில்ட் தோட்டத்துக் கதையும் அவனுக்குப் பிடிக்கும். அதுவரைக்கும் தோட்டக்காரங்க பீப்பாயோட வியாபாரிக்கு வித்துடுவாங்க, பாட்டில்ல ஊத்தறது வியாபாரி, உள்ள என்ன கலந்தான்னு யாருக்குத் தெரியும். பாரோன் ஃபிலிப் த ரோத்ஷில்ட் இருபத்திரெண்டு வயசுல, 1924ல, இனிமே எங்க ஒயின எங்க தோட்டத்துலயே அடைப்போம்னு நின்னார். 1855 தரவரிசைல இந்தத் தோட்டத்த ரெண்டாம் படில வச்சிருந்தாங்க, விடாம முட்டி 1973ல முதல் படிக்கு ஏறினார். 1945லேர்ந்து கிட்டத்தட்ட ஒவ்வொரு வருஷ லேபிளுக்கும் ஒரு ஓவியர், பிக்காசோ வரைக்கும் வந்தாச்சு, 2009க்கு மும்பைல பொறந்த அனிஷ் கபூர்.

என் மனசுக்கு ரொம்ப நெருக்கமானது ஒண்ணு விட்டுப் போச்சு. எங்க பக்கத்துலயே போன்ங்கற நகரத்துல 1443ல நிக்கொலா ரொலேன்னு ஒரு மந்திரி ஏழைங்களுக்காக கட்டின ஆஸ்பத்திரி இருக்கு, கலர் கலரா ஓடு போட்ட கூரை. அந்த ஆஸ்பத்திரிக்கு ஜனங்க திராட்சைத் தோட்டத்த எழுதி வச்சாங்க, இன்னிக்கு 60 ஹெக்டேர் சேர்ந்திருக்கு. 1859லேர்ந்து நவம்பர்ல அந்த ஒயின ஏலம் விட்டு வர்ற பணம் வைத்தியத்துக்குப் போகுது. பழைய வார்டுல சிகப்புத் திரை போட்ட கட்டில் வரிசையா இருக்கும், முதல் தடவை பார்த்தப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு, ராத்திரி பூரா நான் சுத்தற வார்டும் அதே மாதிரி ரெண்டு வரிசைதான்.

2021 ஏப்ரல்ல உறைபனி விழுந்துச்சே, அப்போ நீ போன் பண்ணிக் கேட்ட. துளிர் விட்ட கொடி கருகாம இருக்க ராத்திரி தோட்டம் தோட்டமா மெழுகு எரிச்சாங்க, சரிவு பூரா கார்த்திகை தீபம் மாதிரி. அவ்ளோ பண்ணியும் பல இடத்துல பெரும்பகுதி போயிடுச்சு. தாத்தா அன்னிக்கு தூங்கவே இல்ல, அவருக்குச் சொந்தமா ஒரு கொடி கூட கிடையாது.

பொங்கலுக்கு வரப் பாக்கறேன், லீவு எழுதிக் குடுத்தாச்சு. அதுவரைக்கும் புரோக்கருக்கு எதுவும் சொல்லாத, கையெழுத்து போடாத. அண்ணன் ஒத்துக்கலன்னா நான் வந்து உக்காந்து பேசறேன், சின்ன வயசுலேர்ந்து என் பேச்சுக் கேப்பாரு. அப்புறம் நிலத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, மதகுப் பக்கமா, அந்தப் பனைமர வரிசை தெரியற மாதிரி. தாத்தா கேக்கறாரு, உன் ஊர் மண்ணு என்ன நிறம்னு.

உன்,
பழைய பெஞ்ச் தோழி