பத்துப் பொத்தான்களும் ஒரு பகடையும்

அன்புள்ள மகளுக்கு,

நேற்று ஃபோனில் நீ அழாத குறையாகப் பேசியதிலிருந்து மனசு உன்னிடமேதான் இருக்கிறது. "ஒண்ணுல இருந்து நூறு வரைக்கும் கடகடன்னு சொல்றான்பா. ஆறு பெரிசா, எட்டு பெரிசான்னு கேட்டா முழிக்கிறான். கணக்குப் புத்தகத்தை எடுத்தாலே அழறான்" என்றாய். என் பேரனுக்கு ஐந்தரை வயதுதான் ஆகிறது. பயப்பட ஒன்றுமில்லை என்று அப்போதே சொன்னேன். ஆனால் சொல்ல வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. ஃபோனில் பேசினால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன்.

நூறு வரை சொல்வது பாட்டு ஒப்பிக்கிற மாதிரி. எண்ணுவது வேறு வேலை. ஒரு பொருளுக்கு ஒரு எண் என்று விரல் வைத்துப் போக வேண்டும். ஒன்றையும் விடக்கூடாது, ஒன்றையே இரண்டு தடவை தொடவும் கூடாது. அப்புறம், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பதும் பிடிபட வேண்டும். லீவுக்கு வந்திருந்தபோது அவன் முன்னால் ஏழு பொத்தான்களை வைத்தேன். அழகாக எண்ணி முடித்தான். "சரி, மொத்தம் எத்தனை?" என்றேன். திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்துவிட்டான்! அவனுக்கு "ஏழு" என்பது அந்தக் கடைசிப் பொத்தானின் பெயர். நான் திருத்தவில்லை. "நீ ஏழு எடுத்துக்கோ, நான் அஞ்சு எடுத்துக்கறேன்" என்று பங்கு பிரித்து விளையாடிக்கொண்டே இருந்தோம். நான்காம் நாள் கேட்டவுடன் "ஏழு" என்றான்.

இன்னொன்றும் பார்த்தேன். இரண்டு வரிசை, வரிசைக்கு ஐந்து பொத்தான். அவன் கண் முன்னாலேயே ஒரு வரிசையை மட்டும் அகலமாகப் பரப்பினேன். "இதுலதான் நிறைய இருக்கு தாத்தா" என்று நீளமான வரிசையைக் காட்டினான். ழான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து உளவியலாளர் இதைப் பல குழந்தைகளிடம் செய்து பார்த்து எழுதியிருக்கிறார். இந்த வயதில் பல குழந்தைகள் இப்படித்தான் சொல்லும். அதை மக்குத்தனம் என்று எடுத்துக்கொள்ளாதே. எண் என்பது இடத்தைப் பொறுத்தது இல்லை என்பது, தானே பரப்பியும் சேர்த்தும் பார்த்துப் பார்த்துத்தான் ஒரு பிள்ளைக்கு விளங்கும். புத்தகத்தில் அச்சடித்த பொத்தானை நகர்த்த முடியாதே.

அதனால் அந்தப் பயிற்சிப் புத்தகத்தைக் கொஞ்ச நாளைக்கு உள்ளே எடுத்து வை. ஒரு நீளக் காகிதத்தில் பத்துக் கட்டம் வரைந்து, இடமிருந்து வலமாக 1 முதல் 10 வரை எழுது. ஒரு துண்டுச் சீட்டில் 1, இன்னொன்றில் 2. பார்க்காமல் சீட்டை எடுத்து, வந்த எண்ணுக்குக் காயை நகர்த்த வேண்டும். விளையாட்டு அவ்வளவுதான். ராபர்ட் சீக்லர், கீதா ரமணி என்ற இரு ஆய்வாளர்கள் நாலைந்து வயதுப் பிள்ளைகளை இப்படி விளையாடவைத்து, 2008இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் நாலே தடவை, தடவைக்குக் கால் மணி நேரம்போலத்தான் விளையாட்டு. எது பெரியது, எந்த எண் எங்கே வரும், எப்படி எண்ணுவது எல்லாவற்றிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்துப் பார்த்தபோதும் அது மறக்கவில்லை. கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாக நிறத்தை வைத்து விளையாடிய பிள்ளைகளுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. நீ தவித்துப்போய்க் கேட்ட ஆறா எட்டா என்ற கேள்விக்கு மருந்து இதில் இருக்கிறது. எட்டுக்குப் போக அதிக தூரம், அதிக நகர்த்தல், அதிக நேரம். கை அதை உணர்ந்துவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இரு. காய் 5இல் நிற்கிறது, சீட்டில் 2 வந்தது என்றால், "ஒண்ணு, ரெண்டு" என்று நகர்த்தவிடாதே. "ஆறு, ஏழு" என்று சொல்லி நகர்த்த வேண்டும். அந்த விளையாட்டின் உயிரே அங்கேதான். இங்கே ஏணியும் பாம்பும் ஆடியபோது, அவன் நின்றுகொண்டிருந்த கட்டத்தையே தட்டி "ஒண்ணு" என்று தொடங்கினான். 26இல் இருந்து 4 விழுந்தால் 29இல் போய் நிற்பான். "தப்பு" என்று சொல்லாமல், என் முறை வந்தபோது நான் சத்தமாக எண்ணிப் போனேன். இரண்டு நாளில் அவனும் "இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது..." என்று வந்து, ஒரு நொடி நின்று, "இருபத்திப்பத்து!" என்றான். எனக்கு அவனை அள்ளிக் கொஞ்ச வேண்டும்போல இருந்தது. எண்ணின் உள்கட்டு பிடிபட்ட பிள்ளைதானே அப்படிச் சொல்லும்? இன்னொரு நாள் எண்பத்தொன்பதுக்கு அடுத்து "ஒன்பது பத்து" என்றான். தொண்ணூறு என்பது ஒன்பது பத்துதானே. வாயில் வந்த சொல்தான் வேறு, கணக்கு சரி.

இதனால்தான் அவனோடு தமிழிலும் எண்ணு என்கிறேன். பதினொன்று என்ற சொல்லிலேயே பத்தும் ஒன்றும் காதில் விழும். லெவன், ட்வெல்வ் என்னும்போது அந்தப் பத்து எங்கே இருக்கிறதென்று தெரியாது. அந்த நூறு கட்டப் பலகை அவனுக்கு இப்போதைக்குக் கொஞ்சம் சிரமம். ஒரு வரிசை வலப்பக்கம் போனால் அடுத்தது இடப்பக்கம் திரும்பும். நீளக் காகிதம் நன்றாகப் பழகட்டும், அப்புறம் அதை எடுக்கலாம்.

பகடை ஒன்று எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஐந்து புள்ளியைப் பார்த்ததும் எண்ணாமல் "அஞ்சு" என்று சொல்லும் நாள் வரும். சீட்டுக்கட்டில் படச்சீட்டுகளை எடுத்துவிட்டால் நாற்பது சீட்டு மிஞ்சும். ஆளுக்கொன்று போட்டு, பெரியது போட்டவர் இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். அது சலித்ததும் பத்து சேர்க்கும் ஆட்டத்துக்கு வரலாம். ஏழோடு மூன்று, ஆறோடு நான்கு என்று பத்து வருகிற ஜோடியைப் பிடிப்பவருக்கு அந்த ஜோடி. தனியாக மீந்துபோகும் பத்துச் சீட்டு, எடுத்தவருக்கே. பின்னால் பெரிய கூட்டல் எல்லாம் இந்தப் பத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும்.

இப்போது நெடுநாளாக உன்னிடம் சொல்ல நினைத்ததைச் சொல்கிறேன்மா. உனக்கு ஏழு வயது இருக்கும். ஏழாம் வாய்ப்பாடு. ஏழெட்டு எத்தனை என்று கேட்டேன், நீ திணறினாய். ஐம்பத்தாறு வரும்வரை தூங்கக்கூடாது என்று நிற்கவைத்தேன். நீ தேம்பித் தேம்பி ஐம்பத்தாறு சொன்னாய். மறுநாள் மறந்துவிட்டது, பயம் மட்டும் தங்கிவிட்டது. இன்றும் கணக்கு என்று வந்தால் ஃபோனை மாப்பிள்ளையிடம் நீட்டிவிட்டு, "எனக்குக் கணக்கு வராது" என்கிறாய். அப்படி இல்லை. உனக்குக் கணக்கு வரும். அதை அனுபவிக்க நான் விடவில்லை. அது என் தவறு, என்னை மன்னித்துவிடு.

கணக்கென்றால் பதறும் பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவினால், அவர்களின் பிள்ளைகள் அந்த ஆண்டு கணக்கில் குறைவாகவே கற்றார்கள் என்று 2015இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்தது. படித்தபோது உன்னைத்தான் நினைத்தேன். ஆனால் விளையாட்டில் நீ ஆசிரியர் இல்லை, அவனுக்கு எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆட்டக்காரி. அங்கே உனக்கும் பயம் வேண்டாம். அவன் காதுபட மட்டும் "வராது" என்ற வார்த்தையைச் சொல்லாதே.

வேண்டுமென்றே தோற்கவும் வேண்டாம். பிள்ளைகள் அதைச் சட்டென்று கண்டுபிடித்துவிடும். பகடை விழுகிற ஆட்டத்தில் உனக்கும் அவனுக்கும் ஒரே வாய்ப்புதான், அவன் தானாகவே ஜெயிப்பான். கொட்டாவி விட்டால் பாதியில் நிறுத்திவிடு. விளையாட்டுக்கு நடுவே "இது எத்தனை? அது எத்தனை?" என்று பரீட்சை வைத்தால், அவன் பயிற்சிப் புத்தகத்தின் வாசனையை மோந்துவிடுவான்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் நடந்ததை நீ பார்க்கவில்லை. பத்துப் பொத்தான் வைத்தோம். முறைக்கு ஒன்றோ இரண்டோ எடுக்கலாம், கடைசிப் பொத்தானை எடுப்பவருக்கு ஜெயம். நாலு ஆட்டம் தொடர்ந்து நான்தான் ஜெயித்தேன். ஐந்தாவது ஆட்டத்தில் மூன்று பொத்தான் மிச்சம், அவன் முறை. நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். "தாத்தா, மூணு வந்தாலே நான் தோத்துருவேன். ஒண்ணு எடுத்தா நீ ரெண்டு எடுப்ப. ரெண்டு எடுத்தா நீ ஒண்ணு எடுப்ப." தானாகவே கண்டுபிடித்தான்மா, எட்டுக்கும் ஆறுக்கும் முழிக்கிறான் என்று நீ சொல்லும் அதே பிள்ளை! மூன்றிலிருந்து ஆறுக்கும், ஆறிலிருந்து ஒன்பதுக்கும் அவனே போய்ச் சேருவான். அவசரப்படுத்த வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் கூப்பிடும்போது அவனைப் பத்துப் பொத்தானோடு உட்காரவை. நானும் இங்கே பத்து வைத்திருப்பேன். இந்தத் தடவை அவனே முதலில் எடுக்கட்டும். பத்தில் முதலில் எடுப்பவருக்கு ஜெயிக்க வழி இருக்கிறது. உனக்குப் பிடிபட்டாலும் அவனிடம் சொல்லிவிடாதே.

அன்புடன்,
அப்பா