ஊசி போட்டும் காய்ச்சல் வருவது ஏன்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இன்ஃபுளுவென்சா தடுப்பூசி போட்ட மறுநாள் உடம்பு வலித்ததால், 'ஊசியே காய்ச்சலைக் கொடுத்துவிட்டது' என்று எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் சிலர் முடிவு கட்டிவிட்டார்கள். வழக்கமாகப் போடப்படும் ஊசியில் செயலிழந்த கிருமியின் கூறுகளே இருப்பதால் அது நோயைத் தர இயலாது. அந்நியப் பொருளைக் கண்டு எதிர்ப்பாற்றல் விழித்துக்கொண்டதன் அறிகுறியே ஓரிரு நாள் நீடிக்கும் அந்த வலி. பின்னர், அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களில் பி அணுக்கள் எனப்படும் ஒருவகை வெள்ளை அணுக்கள் பெருகி, கிருமியை எதிர்க்கும் புரதங்களான எதிர்ப்பொருள்களை உருவாக்கினாலும், அவை போதிய அளவை எட்ட ஏறக்குறைய 2 வாரங்களாகும் என்பதால், இடையில் கிருமி தொற்றினால் பழி என்னவோ ஊசியின்மேல்தான் விழுகிறது.

'போன வருடம் போட்டது போதாதா?' என்ற கேள்வி நியாயமானதே. ஆனால், எதிர்ப்பொருள்கள் சில மாதங்களில் குறைகின்றன. கிருமியும் தன் மேற்புரதத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால், உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், தடுப்பூசியில் சேர்க்கவேண்டிய வகைகளைப் பரிந்துரைக்கிறது. முதியவர்களின் உடல் சற்று மந்தமாகவே எதிர்வினையாற்றும் என்பதும் உண்மை. எனினும், நோய் முற்றி மருத்துவமனையில் சேரும் அபாயம் அவர்களுக்கும் குறைகிறது.

ஊசி போடும் நாளில் தாதி ஒருவர் இவற்றைத் தமிழில் ஐந்து நிமிடம் விளக்க, சுகாதார நிலையங்கள் ஏற்பாடு செய்யவேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட டிரெசர் (மருத்துவ உதவியாளர்),
சுங்கை சிப்புட், பேராக்