சதுப்பின் மேல் மிதக்கும் தண்டவாளம்

கிளாஸ்கோ
செப்டம்பர் 14

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கர் இல்லாமல் வாசல்வரை நடக்கிறாய் என்று படித்த பிறகுதான் எனக்கு மனசு ஆறியது. பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே. வலிக்கிறது என்று நாலு நாள் படுத்துவிட்டால் மூட்டு இறுகிப்போகும் என்கிறாள் என் மகள். ஆஸ்பத்திரியில் தினமும் இதைப் பார்க்கிறவள், அவள் சொன்னால் கேள். பேத்தி பிளஸ் டூவில் கணக்கில் நூறு வாங்கியதற்குத் தாத்தாவின் கூட்டாளி சந்தோஷப்பட்டான் என்று அவளிடம் சொல்.

கடிதத்தின் கடைசியில் ஒன்று கேட்டிருந்தாய். புல்லும் தண்ணீரும் தவிர ஒன்றும் இல்லாத இடத்துக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை எதற்காகப் போகிறாய் என்று. போன மாதக் கடைசியில் மறுபடியும் போய்விட்டு வந்தேன். அங்கே நின்றபோதெல்லாம் உன் ஞாபகம்தான். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

கிளாஸ்கோவிலிருந்து வடக்கே ஃபோர்ட் வில்லியம் போகும் வண்டியில் ஏறினால் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் ரன்னோக் ஸ்டேஷன். கிழக்கிலிருந்து வரும் ஒற்றைத் தார்ச்சாலை அந்த ஸ்டேஷன் வாசலோடு முடிந்துவிடுகிறது. மேற்கே போக வேண்டுமென்றால் நடக்கத்தான் வேண்டும். வடக்கே அடுத்த ஸ்டேஷன் கொரவர், 408 மீட்டர் உயரத்தில். அதற்கு வண்டி வாகனம் வந்து போகும் பொதுச் சாலையே கிடையாது. ரயிலில் வர வேண்டும், இல்லாவிட்டால் நடந்துதான் வர வேண்டும்.

ஸ்டேஷனை விட்டு இறங்கினால் மேற்கிலும் தெற்கிலும் ஒரே வெளி. இதைத்தான் ரன்னோக் மூர் என்கிறார்கள். ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர், சுற்றிலும் மலை, நடுவில் ஒரு பெரிய தாம்பாளம் போல. பனி யுகத்தில் இங்கேதான் பனி மலையாகக் குவிந்து கிடந்து, இங்கிருந்துதான் நாலா பக்கமும் வழிந்து பள்ளத்தாக்குகளைக் குடைந்திருக்கிறது. கடைசிப் பனி விலகி ஏறத்தாழ 12,000 ஆண்டுகள் ஆகின்றன. அது உருட்டி வந்து போட்டுவிட்டுப் போன பாறைகள் இன்னமும் கிடந்த இடத்திலேயே கிடக்கின்றன.

அடியில் கிரானைட். மேலே ஓயாத மழை. தண்ணீர் வடிய வழியில்லை. அதனால் செத்த செடி மட்காமல் அப்படியே அடுக்கடுக்காகப் படிகிறது. முற்றா நிலக்கரி என்று பாலிடெக்னிக் முதல் வருஷத்தில் ஒரு வரி படித்தோமே, அந்த பீட்தான். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இது ஏறும். உன் முழங்கால் உயரத்துக்கு வர ஐந்நூறு வருஷம் வேண்டும். காலை ஊன்றி அழுத்தினால் இரண்டடி தள்ளி இருக்கும் புல் ஆடுகிறது. தரை என்று நாம் நினைத்து வைத்திருப்பது வேறு, இது வேறு.

சரி, இப்போது ரயில்வேக்காரனான உன் விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தரையின் மேல்தான் ரயில் ஓடுகிறது!

1889 ஜனவரியில் பாதை போடுவதற்கு முன் நிலத்தைப் பார்க்க ஏழு பேர் இந்தச் சதுப்பைக் குறுக்கே நடந்து கடக்கக் கிளம்பினார்கள். பொறியாளர்கள், ஒரு ஒப்பந்தக்காரர், ஒரு வக்கீல். நடுக் குளிர்காலம், பட்டணத்து உடுப்பு, கையில் குடை. இருட்டில் வழி தவறி ஆளுக்கொரு பக்கம் சிதறிவிட்டார்கள். வயதான ஒருவர் நடக்க முடியாமல் விழுந்தே விட்டார். ஏழு பேரும் உயிரோடு தப்பியது பெரிய காரியம். அப்படியும் பாதை போடுவதை அவர்கள் விடவில்லை.

கரிசலில் மழைக்குப் பிறகு தண்டவாளம் அமுங்கி, நீயும் உன் கேங்மேன்களும் ராத்திரியோடு ராத்திரியாக ஜல்லி அள்ளிப் போட்டதை எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். இங்கே எவ்வளவு மண் கொட்டினாலும் சதுப்பு விழுங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? சுள்ளிக்கட்டும் மரவேரும் பரப்பி ஒரு மெத்தை போட்டு, அதன் மேல் ஆயிரக்கணக்கான டன் மண்ணையும் சாம்பலையும் கொட்டி, அதன் மேல் பாதையை வைத்தார்கள். அடிப்பாறையைத் தேடிப் போகவே இல்லை. 1894 ஆகஸ்டில் வண்டி ஓட ஆரம்பித்தது. இன்றைக்கும் அதே மெத்தைதான். வண்டி அந்த இடத்தில் போகும்போது சத்தம் மாறுவதுபோல் எனக்குத் தோன்றும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன்.

நடுவில் பணம் தீர்ந்து வேலை நின்றுபோகும் நிலை வந்தபோது, ரென்டன் என்ற இயக்குநர் தன் சொத்தில் ஒரு பங்கைக் கொடுத்திருக்கிறார். வேலை முடிந்ததும் கூலிக்காரர்கள் ஒரு பெரிய பாறாங்கல்லை உருட்டி வந்து, பாறை குடையும் கருவியாலேயே அவர் முகத்தைச் செதுக்கிவிட்டார்கள். ரன்னோக் பிளாட்பாரத்தின் ஓரத்தில் அது இன்றும் இருக்கிறது. சிற்பி கை படாத முகம். மூக்கும் நெற்றியும் கரடுமுரடு. நான் போகும்போதெல்லாம் அந்தக் கல்லைத் தொட்டுவிட்டுத்தான் நடக்க ஆரம்பிப்பேன்.

இதற்கும் முன்னால், 1745-இல் ஸ்காட்லாந்தில் அரசருக்கு எதிராக எழுந்த கலகம் அடங்கிய பிறகு, படைவீரர்களை விட்டு வாய்க்கால் வெட்டி இந்த நிலத்தை வடியவைத்துப் பயிர் செய்யப் பார்த்திருக்கிறார்கள். அது நடக்கவில்லை. நல்லவேளை என்றுதான் நான் சொல்வேன். நீர் வடிந்தால் பீட் காய்ந்து காற்றில் கரைய ஆரம்பிக்கும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த கார்பனெல்லாம் வானத்துக்குப் போய்விடும். ஒன்றும் இல்லாத இடம் என்று நீ எழுதியதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது, மறைப்பானேன். முதல் தடவை ரயில் ஜன்னலில் பார்த்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். இறங்கிக் குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

குனிந்தால் முதலில் தெரிவது ஸ்பேக்னம் பாசி. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று திண்டு திண்டாக. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தேன், குழந்தை தலையைத் துவட்டிய துண்டைப் பிழிவது மாதிரி தண்ணீர் கொட்டுகிறது. உலர்ந்த எடையைப்போல இருபது மடங்கு நீரை அது பிடித்து வைக்குமாம். பிழிந்ததை அப்படியே பழைய குழியில் வைத்தேன். பக்கத்திலேயே விரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்புச் செடி, இலை முழுக்க முடி, ஒவ்வொரு முடி நுனியிலும் ஒரு துளி. வெயில் ஏறியும் துளி காயவில்லை. ஒரு பொடிப் பூச்சி அதில் ஒட்டிக்கொண்டு கால் உதைத்துக்கொண்டிருந்தது. சட்டென்று பெயர் ஞாபகம் வந்துவிட்டது: அழுகண்ணி! உன் அப்பா வைத்தியக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்த அதே அழுகண்ணியின் இனம். சத்து இல்லாத மண்ணில் பூச்சியைத் தின்று பிழைக்கிறது. ஈர மண்ணில் முழங்காலிட்டு எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியாது. எழுந்தபோது இரண்டு கால்சட்டை முட்டியும் ஊறிப்போயிருந்தது.

ரன்னோக் ரஷ் என்று ஒரு கோரை வகையும் உண்டு. பிரிட்டனில் இந்தப் பக்கத்தில் மட்டும்தான் அது இயற்கையாக எஞ்சியிருந்தது. தேடினேன், இந்தத் தடவையும் கண்ணில் படவில்லை.

குட்டைகளின் நீர் வரக்காப்பி நிறம். கையில் அள்ளினால் பொன் மாதிரி இருக்கும், குட்டையில் பார்த்தால் கறுப்பு. ஆகஸ்டில் ஹெதர் என்ற குறுஞ்செடி பூத்துவிடும். மேடான இடமெல்லாம் கத்தரிப்பூ நிறம், நடுவே கறுத்த நீர், அதில் மேகம். லோக் பா என்ற ஏரிக்கரையில் ஒரு பெரிய கட்டை பீட் சரிந்த இடத்தில் துருத்திக்கொண்டிருந்தது. பைன் மரத்தின் அடிவேர். ஒரு காலத்தில் இங்கே காடு இருந்திருக்கிறது. ஈரம் கூடக் கூட மரங்கள் செத்து, பீட் மூடிவிட்டது. பல ஆயிரம் ஆண்டு பழைய கட்டை, நண்பா. காற்று புகாததால் மக்கவே இல்லை. பட்டை உரிந்த இடத்தில் விரலை வைத்தால் மரத்தின் வரி ஒவ்வொன்றும் கைக்குத் தட்டுப்படுகிறது.

லோக் பாவின் நீர் போகும் வழியும் உனக்குப் பிடிக்கும். மேற்குக் கடல் பக்கத்திலேயே இருக்க, அது கிழக்கே லெய்டன் ஏரி, ரன்னோக் ஏரி, டம்மல் ஆறு என்று சுற்றி டே நதியில் சேர்ந்து வடகடலுக்குப் போகிறது. கொஞ்சம் மேற்கே விழுகிற மழை எடிவ் ஆற்றோடு மேற்குக் கடலுக்கு இறங்கிவிடுகிறது.

காற்று நின்ற ஒரு மணி நேரம் மட்டும் கஷ்டம். மிட்ஜ் என்று கடுகைவிடச் சிறிய பூச்சி, மேகமாக வந்து காது, இமை, முடிக்கால் எல்லாம் கடிக்கும். காற்று எழுந்ததும் ஒன்றுகூட இல்லை. அப்புறம் பொன்னிற உப்புக்கொத்தி என்ற பறவை ஒன்று, ஒற்றைச் சுரத்தில், நீண்ட இடைவெளி விட்டு விட்டுக் கூவியது. அதைத் தவிர வேறு சத்தம் கிடையாது. என் மனைவி போன பிறகு வீட்டில் இருக்கும் அமைதி எனக்குப் பாரமாக இருக்கிறது. இந்த அமைதி அப்படி இல்லை. போவதற்கு அதுவும் ஒரு காரணம், உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

அக்டோபரில் கலைமான்கள் பெண்மான்களுக்காகக் கர்ஜிக்கும் பருவம். மகளுக்கு விடுப்பு கிடைத்தால் கொரவரில் இறங்குவோம். அடுத்த வசந்தத்தில் உன் கால் ஒத்துழைத்தால் நீயும் வா. ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தபடியே பாதி மூரைப் பார்த்துவிடலாம்.

இத்துடன் ஒரு போட்டோ வைத்திருக்கிறேன். சதுப்பின் மேல் பாதை வளைந்து போகும் இடம், வேலிக்கு வெளியே நின்று எடுத்தது. அதைப் பார்த்து எனக்கு ஒன்று சொல். வண்டி கடந்த பிறகு அந்த மெத்தை பழைய மட்டத்துக்குத் திரும்ப எவ்வளவு நேரம் பிடிக்கும்? நான் போட்ட கணக்கு எனக்கே திருப்தியாக இல்லை. நீதான் போட்டு அனுப்ப வேண்டும்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு.

உன்,
பழைய அறைத்தோழன்