குறைப்பு இயக்குநர் குழுவிலிருந்து தொடங்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அரசு நிறுவனங்களின் உயர் அலுவலர் ஊதியத்தையும் இயக்குநர் குழு உறுப்பினர்களுக்கான படிகளையும் குறைக்க வேண்டும் என்ற தங்கள் தலையங்கத்தின் கருத்தை ஏற்கிறேன். ஆயினும், அடிப்படை ஊதியத்தில் இத்தனை விழுக்காடு வெட்டப்படும் என்று அறிவித்த உடனே விவாதம் ஓய்ந்துவிடுவதுதான் பல நாடுகளிலும் வழக்கமாக இருக்கிறது.

2018 மே மாதம் பொறுப்பேற்ற மலேசிய அரசு, அமைச்சர்களின் அடிப்படை ஊதியத்தில் 10 விழுக்காட்டைக் குறைத்தது. 2020 ஏப்ரலில் நியூசிலாந்துப் பிரதமராக இருந்த ஜெசிந்தா ஆர்டர்ன், தாமும் தம் அமைச்சர்களும் அரசுத் துறைகளின் தலைமை அதிகாரிகளும் ஆறு மாதங்களுக்கு 20 விழுக்காடு குறைவாகவே ஊதியம் பெறப்போவதாக அறிவித்தார். நெருக்கடிக் காலத்தில் இத்தகைய அறிவிப்புகளுக்கு மதிப்பு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் தவணை முடிந்ததும் பழைய தொகை திரும்பிவிடுகிறது. அந்தத் தொகையை யார், எதைக் கொண்டு நிர்ணயித்தார்கள் என்ற கேள்வி கேட்கப்படாமலே போகிறது.

தலைமைச் செயல் அதிகாரி பெறுவதில் அடிப்படை ஊதியம் ஒரு பகுதி மட்டுமே. ஊக்கத்தொகை, வீடு, வாகனம், ஓய்வூதியப் பங்களிப்பு, ஒப்பந்தம் இடையில் முறிந்தால் தரப்படும் இழப்பீடு ஆகியவை தனித்தனியே நிற்பதால், ஒன்றில் குறைத்ததை மற்றொன்றில் கூட்டிக் கொடுப்பது கடினமான காரியமல்ல. இவற்றை முடிவு செய்யும் இயக்குநர் குழுவோ, தனியார் நிறுவனங்களின் ஊதியத்தையே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறது. போட்டியே இல்லாத துறையில் இயங்கி, நட்டம் வந்தால் கருவூலத்தை நாடும் ஒரு நிறுவனத்துக்கு அந்த அளவுகோல் எப்படிப் பொருந்தும்?

உயர் அலுவலர்களைப் பொறுத்தவரை, ஊதியத்தை மிகவும் குறைத்தால் திறமையானவர்கள் வெளியேறிவிடுவார்கள் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. மின் கட்டமைப்பையோ துறைமுகத்தையோ நடத்தத் தெரிந்தவர்கள் எளிதில் கிடைப்பதில்லை. இயக்குநர் குழு உறுப்பினர்களுக்கு இந்த வாதம் அவ்வளவாகப் பொருந்தாது; அந்த நியமனங்களுக்குக் காத்திருப்போர் வரிசை என்றுமே குறைந்ததாகத் தெரியவில்லை. ஒருவரே தாய் நிறுவனத்திலும் அதன் துணை நிறுவனங்களிலும் தணிக்கைக் குழு, நியமனக் குழு போன்றவற்றிலும் அமர்ந்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே படி பெற முடிகிறது. இந்தியாவில் 2013 ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் கீழான விதிகள், இயக்குநருக்கான அமர்வுப் படி ஒரு கூட்டத்துக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது என்கின்றன. வரம்பு கூட்டத்துக்குத்தானே தவிர ஆண்டுக்கு அல்ல. கூட்டங்கள் பெருகினால் தொகையும் பெருகும். ஒருவர் எத்தனை குழுக்களில் இருந்தாலும் ஆண்டுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு வேண்டும். பணியின் பகுதியாகவே குழுவில் அமரும் அரசு அதிகாரி படி எதுவும் பெறக்கூடாது. அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் அவர் ஏற்கெனவே ஊதியம் வாங்குகிறார்.

விவரங்கள் வெளிவருவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஆஸ்திரேலிய அஞ்சல் நிறுவனம் சான்று. அதன் தலைமை அதிகாரி ஓராண்டில் சுமார் 56 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் பெற்றது, நாடாளுமன்ற மேலவைக் குழு ஒன்று 2017 பிப்ரவரியில் ஆவணங்களை வெளியிட்டபோதுதான் மக்களுக்குத் தெரிந்தது. அந்தத் தொகை மிக அதிகம் என்று பிரதமரே சொன்னார். அதன் பிறகு அப்பதவிக்கான ஊதியத்தை நிர்ணயிக்கும் பொறுப்பு, தனித்து இயங்கும் ஊதியத் தீர்ப்பாயத்துக்கு மாறியது. அந்த மாற்றத்துக்கு விழுக்காட்டு அறிவிப்பு எதுவும் தேவைப்படவில்லை.

எனவே, எல்லா அரசு நிறுவனங்களின் உயர் அலுவலர்களும் இயக்குநர்களும் ஆண்டுதோறும் பெறும் மொத்தத் தொகையைப் பெயர்வாரியாக, படிகளும் சலுகைகளும் உட்பட, ஒரே பட்டியலாக அரசு வெளியிட வேண்டும் எனத் தங்கள் இதழ் வலியுறுத்த வேண்டுகிறேன். எத்தனை விழுக்காடு குறைப்பது என்பதை அந்தப் பட்டியல் வந்த பிறகு பேசலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்