துருவும் இன்சூரன்ஸும்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் துப்பாக்கியைக் கொண்டுவந்து துடைத்து எண்ணெய் போட்டுக்கொண்டு போகிறவர்கள், தேர்தல் அறிவித்தால் மட்டும் முகம் காட்டுகிறவர்கள், வால்பாறைப் பக்கம் எஸ்டேட்டிலிருந்து வந்தால் ஒரு டீயாவது குடிக்காமல் கிளம்பாதவர்கள் என்று உங்கள் எல்லோரையும் எங்களுக்குத் தெரியும். அப்பா காலத்திலிருந்து கோவையில் இதே துப்பாக்கிக் கடைதான். எல்லோருக்கும் சேர்த்து இப்படி ஒரு கடிதம் எழுத வேண்டிவரும் என்று நினைக்கவில்லை. ஆனால் ஒரு வாட்ஸ்அப் குழுவில் மூன்று வாரமாகச் சுற்றும் செய்தி எங்கள் காதுக்கும் வந்துவிட்டது. “டெபாசிட் வைத்த துப்பாக்கி வீணாகிவிட்டது, கடைக்காரர் இன்சூரன்ஸ் பணத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்” என்பதுதான் அது.

பையில் ஒரு ரூபாயும் விழவில்லை. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள்.

2024 மார்ச் 16-ம் தேதி தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்ததும், லைசென்ஸ் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும் என்பதால், வழக்கம்போல வரிசை நின்றது. போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க மனமில்லாதவர்கள் எங்களிடம் வைத்தார்கள். அதில் ஒன்று, பர்மிங்ஹாமில் செய்த பழைய பன்னிரண்டு போர் (12 bore, குழலின் அளவு) இரட்டைக் குழல் துப்பாக்கி. சொந்தக்காரரின் தாத்தா வாங்கியது. ஜூன் 4-ல் வாக்கு எண்ணிக்கை முடிந்து எல்லோரும் எடுத்துப் போனார்கள். இவர் ஊரில் இல்லை. மறு வருடம் ஜனவரியில்தான் வந்தார். குழலை மடக்கி வெளிச்சத்தில் பார்த்தவர் முகம் மாறிவிட்டது. துணி விட்டு இழுத்தால் செம்மண் நிறத்தில் வந்தது. உள்ளே கடுகு தூவியது மாதிரி புள்ளிகள்.

வாங்கும்போது நாங்கள் கொடுத்த ரசீதில் என் மைத்துனர் கையெழுத்தில் “இடது குழல், வாய் அருகே பழைய துருப்புள்ளி” என்று இருக்கிறது. அதை அவரும் படித்துத்தான் கையெழுத்துப் போட்டார். இருந்தாலும் பழைய வாடிக்கையாளர் ஆயிற்றே என்று நாங்களே எங்கள் பாலிசியில் க்ளெய்ம் போட்டோம். சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார், டார்ச் அடித்துப் பார்த்தார், இருபது போட்டோ எடுத்தார். பத்து நாளில் பதில் வந்தது. துரு, பூஞ்சை, தேய்மானம், மெல்ல மெல்ல ஏற்படும் கேடு எதுவும் பாலிசியில் வராது. அவ்வளவுதான். அந்தக் கடிதத்தைக் கண்ணாடி போட்டுக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன். யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம். க்ளெய்மே கிடைக்காதபோது அந்தப் பணத்தை எங்கே முழுங்குவது? அப்பா காலத்தில் ஒரு தோட்டா கணக்கில் குறைந்தால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து தேடுவார்கள். அந்தக் கடையைப் பார்த்து இப்படிச் சொன்னதுதான் தாங்கவில்லை.

வலது குழலைப் பற்றி ரசீதில் எழுதவில்லை என்பது உண்மை. அந்த மழைக்காலத்தில் துப்பாக்கி வைக்கும் அறையின் மேற்குச் சுவரில் கொஞ்சம் ஈரமும் இருந்தது, இப்போது பூசிவிட்டோம்.

இதையொட்டிப் பலரும் கேட்கிற கேள்வி, “உங்களிடம் வைத்தால் இன்சூரன்ஸ் உண்டுதானே?” உண்டு. ஆனால் அது கடையின் பாலிசி. தீ விபத்துக்கும், பூட்டையோ சுவரையோ உடைத்து நடக்கும் திருட்டுக்கும்தான். அதிலும் ஒரு துப்பாக்கிக்கு ₹40,000-க்கு மேல் கிடையாது. ஆர்டினன்ஸ் ஃபாக்டரி (அரசு ஆயுதத் தொழிற்சாலை) ரிவால்வரோ தாத்தாவின் இரட்டைக் குழலோ, இரண்டுக்கும் அதே உச்சவரம்புதான். விலை உயர்ந்தது வைத்திருப்பவர்கள் தனியாக ஒரு பாலிசி எடுப்பதே சரி. நாங்கள் பாலிசி விற்கவில்லை, கமிஷனும் வாங்கவில்லை. அதையும் யாரோ குழுவில் எழுதியிருந்தார்கள்.

எல்லோரும் எடுக்க வேண்டுமா? வேண்டாம் என்பேன். காட்டுப்பன்றிக்குப் பயந்து தோட்டத்தில் வைத்திருக்கும் எஸ்.பி.பி.எல். (பின்பக்கம் தோட்டா போடும்) ஒற்றைக் குழலுக்கு அந்தக் காசில் நல்ல இரும்புப் பீரோ வாங்கிச் சுவரில் போல்ட் போட்டு இறுக்குங்கள். .32 ரிவால்வர் தொலைந்தால் மனுப்போட்டு, அனுமதி வாங்கி, திரும்ப ஒன்று வாங்கிவிடலாம். பழைய வெளிநாட்டுத் துப்பாக்கி அப்படி இல்லை. தனி ஆள் இறக்குமதி செய்வதற்கான கதவு பல வருடங்களாகச் சாத்தியே இருக்கிறது. போனால் போனதுதான். இங்கே கிடைக்கிற பழைய சரக்கின் விலையும் அதனால்தான் ஏறிக்கொண்டே போகிறது. இப்படிப்பட்டதற்குத்தான் பிரீமியமும் அதன்மேல் 18% ஜி.எஸ்.டி.யும் கட்டுவதில் அர்த்தம்.

வீட்டுக்கு பாலிசி இருக்கிறதே, போதாதா என்பார்கள். 2021 ஏப்ரலிலிருந்து எல்லாக் கம்பெனிகளும் விற்கிற பாரத் கிருஹ ரக்ஷாவை எடுத்துப் படித்துப் பாருங்கள். தீ, வெள்ளம், புயல் எல்லாம் இருக்கும். திருட்டு என்றால், அப்படி ஒன்று நடந்து ஏழு நாளைக்குள் நடந்த திருட்டு மட்டும்தான். சும்மா ஒரு ராத்திரி வந்து தூக்கிக்கொண்டு போனால் அதில் வராது, கொள்ளைக்கு என்று தனியாகச் சேர்க்க வேண்டும். வெளிப்படையாக எழுதிச் சேர்த்தாலொழிய வெடிபொருளும் அதில் அடங்காது. தோட்டாவை அந்தக் கணக்கில் வைப்பார்களா என்று கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஏஜென்ட் வாயால் சொன்னது சர்வேயரிடம் செல்லாது, நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வங்கி லாக்கரில் வைத்துவிடலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: லாக்கர் ஒப்பந்தத்திலேயே ஆயுதம் வைக்கக்கூடாது என்று இருக்கிறது.

பாலிசி எடுக்கும்போது “ஒப்புக்கொண்ட மதிப்பு” என்ற முறையைக் கேளுங்கள், அதாவது தொலைந்தால் எவ்வளவு என்று முன்பே பேசி எழுதிக்கொள்வது. இல்லாவிட்டால் தொலைந்த பிறகு தேய்மானம் கழித்து ஒரு தொகை சொல்வார்கள், நூறு வருடத் துப்பாக்கிக்கு என்ன மிஞ்சும்? மதிப்புச் சான்றிதழ் நாங்கள் தருகிறோம், கம்பெனி ஏற்குமா என்று முன்பே கேட்டுக்கொண்டு வாருங்கள். குழலின் நீளம், நம்பர், புரூஃப் முத்திரை (குழலைச் சோதித்ததற்கான அடையாளம்), குழல்மேல் பொறித்த செய்தவர் பெயர், கட்டையில் இருக்கும் கீறல் வரை போட்டோ எடுத்து ஒரு பிரதியை வேறு வீட்டில் வையுங்கள். தயவுசெய்து ஸ்டேட்டஸில் மட்டும் போடாதீர்கள். வீட்டில் என்ன இருக்கிறது என்று திருடனுக்கு விலாசத்தோடு சொல்வதுபோல ஆகிவிடும்.

இன்னொன்று முக்கியம். பாலிசியும் லைசென்ஸும் ஒரே பெயரில் இருக்க வேண்டும். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான், வாரிசாக வந்தாலும் அதே கணக்கு. அதனால் பல வீடுகளில் அப்பா பெயரில் இரண்டு, மகன் பெயரில் ஒன்று என்று பிரிந்து கிடக்கிறது. பாலிசி மட்டும் மொத்தமாக அப்பா பெயரில் ஓடும். மகன் பெயரில் உள்ளது தொலைந்தால் கம்பெனிக்காரன் யாருக்குப் பணம் தருவான்? லைசென்ஸ் இப்போது ஐந்து வருடம் என்பதால் பலர் தேதியை மறந்தே போகிறார்கள். காலாவதியான லைசென்ஸோடு க்ளெய்ம் போட்டால் பணம் வராது, வழக்குத்தான் வரும். முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே விண்ணப்பம் போட்டுவிடுங்கள். தொலைந்தால் முதலில் ஸ்டேஷன், பிறகுதான் இன்சூரன்ஸ். எஃப்.ஐ.ஆர். நகல் இல்லாமல் அவர்கள் ஃபைலே திறக்கமாட்டார்கள்.

துருவுக்கு எந்தப் பாலிசியும் கிடையாது என்பதால் வைத்தியமும் சொல்லிவிடுகிறேன். ஊட்டி, குன்னூர்க்காரர்கள் தேங்காய் எண்ணெய் போடாதீர்கள். போன மார்கழியில் ஒருவர் கொண்டுவந்ததைத் திறந்தால் விசைப் பெட்டிக்குள் வெண்ணெய் மாதிரி உறைந்து கிடந்தது. தோட்டாவை அடிக்கும் சுத்தியல் நகரவே இல்லை. தோல் உறைக்குள் மாதக்கணக்கில் வைப்பதும் வேண்டாம், தோல் ஈரத்தை உறிஞ்சி இரும்புக்குக் கொடுத்துவிடும்.

எங்கள் பாலிசியின் பிரீமியம், காவலாளி சம்பளம், கேமரா எல்லாம் ஏறிவிட்டதால் வரும் ஏப்ரல் 1 முதல் டெபாசிட் வாடகை மாதம் ₹300-லிருந்து ₹450 ஆகிறது. முன்பணம் கட்டியவர்களுக்கு அந்தக் காலம் முடியும் வரை பழைய வாடகைதான். இனி வாங்கும்போது இரண்டு குழலுக்குள்ளும் உங்கள் கண் முன்னால் துணி விட்டு இழுத்து, போட்டோ எடுத்து, ரசீதோடு பின் அடித்துத் தருவோம்.

இந்த மூன்று வாரத்தில் போன் போட்டு, “நாங்கள் நம்பவில்லை அண்ணா, நீங்கள் கவலைப்படாதீர்கள்” என்று சொன்னவர்களை மறக்கமாட்டேன். கூடலூரிலிருந்து ஒரு பெரியவர் மருமகனைக் கூட்டிக்கொண்டு நேரிலேயே வந்து, சும்மா அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். வாங்குவதற்கோ பழுது பார்ப்பதற்கோ அவரிடம் ஒன்றும் இல்லை.

அந்த இரட்டைக் குழல் சொந்தக்காரருக்கும் இந்தக் கடிதம் போகும். ஐயா, இரண்டு குழலையும் எங்கள் செலவில் உள்ளே தேய்த்து மெருகேற்றித் தருகிறோம் என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். ஞாயிறு தவிர எந்த நாளானாலும் சரி, பத்து மணிக்கு மேல் கொண்டுவாருங்கள்.

என்றும் உங்கள்,
கடை உரிமையாளர்
கோயம்புத்தூர்