ஆண்டறிக்கை: பழைய ரவுட்டர்களுக்குப் புதிய ஃபிளாஷ்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஆண்டுப் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் சங்க அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுத் தீர்மானத்தின்படி, இந்த ஆண்டின் பெரும்பகுதியைப் பழைய ரவுட்டர்களில் மென்பொருளையும் அமைப்புகளையும் தாங்கி நிற்கும் ஃபிளாஷ் நினைவகத்தைப் பெரிதாக்கும் பணிக்கே ஒதுக்கினோம். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. அவற்றின் குறிப்புகள் பதிவேட்டில் இருப்பதால் இங்கே திரும்ப வாசிக்கவில்லை. பணிமேசையில் நடந்ததை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி கேட்கிறேன்.

'ஓடிக்கொண்டிருக்கும் ரவுட்டரை ஏன் பிரிக்க வேண்டும்?' என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நம்மில் பலர் இன்றும் வைத்திருக்கும் டிபி-லிங்க் டபிள்யூஆர்841என் போன்ற ரவுட்டர்களின் பழைய பதிப்புகளில் ஃபிளாஷ் 4 மெகாபைட், வேலை செய்யும்போது பயன்படும் தற்காலிக நினைவகமான ராம் 32 மெகாபைட். தயாரித்தவர்கள் அவற்றுக்கு ஃபர்ம்வேரை, அதாவது ரவுட்டரை இயக்கும் உள்மென்பொருளைப் புதிதாகத் தருவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். திறமூல மாற்றான ஓப்பன்-டபிள்யூஆர்டியும் 2021இல் வந்த 21.02 பதிப்பில் குறைந்தபட்சத் தேவையை 8 மெகாபைட் ஃபிளாஷ், 64 மெகாபைட் ராம் என்று உயர்த்திவிட்டது. இந்தச் சின்ன ரவுட்டர்களுக்கு அதிகாரபூர்வமாகக் கிடைத்த கடைசி வரிசை 19.07தான். அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகள் எதற்கும் அவற்றில் அடைப்பு கிடையாது.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2018 மே மாதம் வெளிச்சத்துக்கு வந்த விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல், 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் ரவுட்டர்களிலும் சேமிப்புக் கருவிகளிலும் புகுந்திருந்ததாக அதை ஆராய்ந்தவர்கள் அறிவித்தார்கள். ரவுட்டரை அணைத்துப் போட்டாலும் அதன் முதல் கட்டம் உள்ளேயே தங்கிவிடும். வீட்டின் மொத்த இணையப் போக்குவரத்தும் கடந்துபோகும் பெட்டியைப் புதுப்பிக்காமல் விட்டுவைப்பது சரியல்ல என்பது செயற்குழுவின் ஒருமனதான கருத்து. பெட்டியின் மற்ற உறுப்புகள் எல்லாம் நன்றாக இருக்கும்போது, இடப்பற்றாக்குறை ஒன்றுக்காக அதைக் குப்பையில் போடுவதும் எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

இடம் எப்படிப் போகிறது என்பதைக் கணக்காகவே சொல்கிறேன். 4 மெகாபைட் என்பது 4096 கிலோபைட். டிபி-லிங்கின் இந்த ரகத்தில் முதல் 128 கிலோபைட் யூ-பூட் என்ற தொடக்க நிரலுக்கு. கடைசி 64 கிலோபைட் வைஃபை அளவுத்திருத்தத் தரவுக்கு. மீதி 3904 கிலோபைட்டுக்குள் இயக்க மென்பொருளின் மையமான கெர்னல், சுருக்கிய கோப்பு முறைமை, நாம் செய்யும் அமைப்புகளைச் சேமிக்கும் பகுதி என எல்லாமே அடங்க வேண்டும். சேமிக்கும் பகுதியில் உள்ள ஜேஎஃப்எஃப்எஸ்2 என்ற கோப்பு முறைக்கு 64 கிலோபைட் தொகுதிகள் குறைந்தது ஐந்தாவது வேண்டும். 320 கிலோபைட் மிஞ்சாவிட்டால் அது திறக்கவே திறக்காது. நாம் வைத்த கடவுச்சொல் அடுத்த முறை போடும்போது காணாமல் போயிருக்கும். 'அமைப்புகள் நிற்கவில்லை' என்று சொல்லி உறுப்பினர்கள் கொண்டுவந்த ரவுட்டர்கள் சிலவற்றில் கோளாறு இதுதான், சிப் கெட்டுப்போயிருக்கவில்லை.

சிப்பைப் பொறுத்தவரை விஷயம் எளிது. எட்டுக் கால் கொண்ட, எஸ்பிஐ நார் என்ற வகை ஃபிளாஷ். விண்பாண்ட் நிறுவனத்தின் வரிசையில் 25கியூ32 என்றால் 32 மெகாபிட், அதாவது 4 மெகாபைட். 25கியூ64 என்றால் 8. 25கியூ128 என்றால் 16. மேலே அச்சிட்டதில் 'கியூ'வுக்குப் பின் வரும் எண்ணை எட்டால் வகுத்தால் மெகாபைட். வாங்கும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். இதே பெயரில் 1.8 வோல்ட் ரகமும் உண்டு, நமக்கு வேண்டியது 3.3 வோல்ட். உடல் அகலம் 150 மில், 208 மில் என்று இரண்டு அளவில் வரும் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). போர்டில் எது இருக்கிறதோ அதையே வாங்க வேண்டும்.

எங்கள் உழைப்பில் பெரும்பகுதியை விழுங்கியது சால்டரிங் அல்ல, பழைய சிப்பைச் சரியாகப் படித்தெடுப்பது. சிப்பின் கால்களைக் கவ்வும் கிளிப்பைப் போர்டிலேயே மாட்டிப் படிக்கும்போது, சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் புரோகிராமர் கருவி கொடுக்கும் மின்சாரம் ஃபிளாஷோடு நிற்காமல் ரவுட்டரின் பிராசஸருக்கும் போய்விடுகிறது. அதுவும் விழித்துக்கொண்டு அதே சிப்பைப் படிக்கத் தொடங்குகிறது. இளைஞர் அணித் தம்பி ஒருவர் ஒரு மாலை, "அண்ணா, மூணு தடவை படிச்சேன், மூணும் வேற வேறயா வருது" என்று வந்து நின்றார். மூத்த உறுப்பினர் மேசைக்கு வந்து பார்த்துவிட்டு, "கழட்டிப் படிப்பா. போர்டுல இருக்கிற வரைக்கும் அது ரெண்டு பேர் பேச்சைக் கேட்டுக்கிட்டிருக்கு" என்றார். கழற்றிப் படித்ததும் அடுத்தடுத்து எடுத்த இரண்டு டம்ப்களின், அதாவது முழு நகல்களின், செக்சம் என்ற சரிபார்ப்புக் குறியீடு எழுத்து மாறாமல் ஒத்துப்போனது.

அன்றிலிருந்து பணிமேசைக்கு ஒரே ஒரு கட்டாய விதி வைத்தோம்: ஒத்துப்போகும் இரண்டு டம்ப்களை ஒருவர் எடுத்து, இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே புதிய சிப்பின் உறையைப் பிரிக்கலாம்.

விதி ஏன் இவ்வளவு கறார் என்றால், அந்தக் கடைசி 64 கிலோபைட்தான் காரணம். ஏதரோஸ் பிராசஸர் கொண்ட ரவுட்டர்களில் அதை ஏஆர்டி பகுதி என்பார்கள். தொழிற்சாலையில் அந்தக் குறிப்பிட்ட போர்டை அளந்து எழுதிய வானொலித் திருத்தங்கள் அதில் இருக்கின்றன. மனிதருக்குக் கைரேகைபோல அது போர்டுக்குப் போர்டு வேறு. ஃபர்ம்வேரை எங்கிருந்தும் இறக்கிக்கொள்ளலாம், யூ-பூட்டையும் தேடிப் பிடிக்கலாம். இதை மட்டும் வேறெங்கும் பெற முடியாது. வெளியே எங்கோ சிப் மாற்றி, இந்தப் பகுதியைத் தொலைத்துவிட்ட நிலையில் ஒரு ரவுட்டர் நம்மிடம் வந்தது. கம்பி வழி இணைப்பு நன்றாக வேலை செய்கிறது, வைஃபை மட்டும் எழவேயில்லை. அதே மாடலைச் சேர்ந்த வேறொரு ரவுட்டரின் தரவை இரவல் வாங்கிப் போட்டால் வைஃபை தோன்றும். ஆனால் அதன் திருத்தங்கள் வேறொரு போர்டுக்கு உரியவை என்பதால் அந்த வழியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

படித்ததை அப்படியே 16 மெகாபைட் சிப்பின் தொடக்கத்தில் ஊற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதும் தவறு. ஏஆர்டி பகுதி புதிய சிப்பின் கடைசி 64 கிலோபைட்டுக்கு இடம்பெயர வேண்டும். பழைய இடத்தில் கிடந்தால் அது ஃபர்ம்வேரின் நடுவில் மாட்டிக்கொள்ளும். அடுத்த புதுப்பிப்பிலேயே அழியும். அதோடு, இந்த ரவுட்டர்களுக்கான ஓப்பன்-டபிள்யூஆர்டியின் ஏடிஎச்79 கட்டமைப்பில் பகுதிகளின் எல்லைகள் டிவைஸ் ட்ரீ என்ற வன்பொருள் விவரக் கோப்பில் எழுதப்பட்டிருக்கின்றன. அதைத் திருத்தி ஃபர்ம்வேரை நாமே கட்டாவிட்டால், 16 மெகாபைட் சிப்பில் 4 மெகாபைட் மட்டுமே கண்ணில் படும். கட்டுவது எப்படி என்று செய்துகாட்டிய வகுப்புகளுக்கு வந்த கூட்டம் இந்த ஆண்டு எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. மீடியாடெக், ராலிங்க் ரகங்கள் பலவற்றில் இந்தத் தரவு சிப்பின் முன்பகுதியிலேயே 'ஃபேக்டரி' என்ற பெயரில் இருப்பதால் இடம்பெயர்க்கும் வேலை இல்லை.

சால்டரிங் பற்றிப் புதியவர்களுக்காகக் கொஞ்சம். தொழிற்சாலையில் போடும் ஈயமற்ற சால்டர் ஏறத்தாழ 217 டிகிரி செல்சியஸில்தான் உருகும். அதன்மேல் 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கலந்த சால்டரைத் தாராளமாக வைத்துக் கலக்கிவிட்டால் உருகுநிலை இறங்கிவிடும். ஒவ்வொரு பக்கமும் நான்கு கால்களையும் சேர்த்து ஒரே குமிழாக்கி, சால்டர் நன்றாகப் பரவ உதவும் ஃபிளக்ஸ் தடவி, இரு பக்கமும் மாற்றி மாற்றிச் சூடுகாட்டினால் சிப் தானாக நகரும். நகரும்வரை இழுக்கக் கூடாது. இழுத்தால் போர்டின் செம்புத் தகடு உரிந்து வரும், அதை ஒட்டுவது பெரும்பாடு. புதிய சிப்பை வைக்கும்போது மேலுள்ள புள்ளி முதல் காலைக் காட்டுகிறதா என்று இருவர் பார்க்கிறோம். பரவலாகக் கிடைக்கும் சிஎச்341ஏ புரோகிராமர்களில் பலவற்றில் தரவுக் கம்பிகளில் 5 வோல்ட் வருவதால், சங்கத்தின் புரோகிராமரை 3.3 வோல்ட்டுக்கு மாற்றியமைத்த பிறகே பயன்படுத்துகிறோம்.

'16 எதற்கு, 32 போடலாமே' என்ற ஆசை பலருக்கும் வந்தது. செயற்குழு இதை ஏற்கவில்லை. சிப்பில் ஓர் இடத்தைச் சுட்டும் மூன்று பைட் முகவரியால் 16 மெகாபைட் வரைதான் எட்ட முடியும். அதற்கு மேல் நான்கு பைட் முகவரி முறைக்குச் சிப்பை மாற்ற வேண்டும். அந்த நிலையிலேயே ரவுட்டர் மறுதொடக்கம் ஆனால், மூன்று பைட் மட்டுமே பேசத் தெரிந்த பிராசஸர் தொடக்க நிரலைப் படிக்க முடியாமல் அப்படியே நின்றுவிடும். மின்சாரத்தைத் துண்டித்துக் கொடுத்தால்தான் எழும். தொலைவில், பரணில், கூரையடியில் வைக்கும் கருவிக்கு இது ஒத்துவராது.

ராம் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஃபிளாஷை மட்டும் 16 ஆக்கி, ராமை 32 மெகாபைட்டில் விட்டால் புதிய பதிப்பு நிறுவப்படும். ஆனால் வைஃபையில் ஆட்கள் கூடும்போது நினைவகம் தீர்ந்து திணறும். டபிள்யூஆர்841என் எட்டாம் பதிப்பு போன்றவற்றில் ராமையும் 64 ஆக்கலாம். ஆனால் அந்த ராம் சிப்புக்கு 66 கால்கள், கால்களுக்கிடையே 0.65 மில்லிமீட்டர் இடைவெளி. அந்த வேலையைக் கை பழகியவர்களுக்கு மட்டும் கொடுத்தோம். யுஎஸ்பி துளை உள்ள ரவுட்டர்களில் சிப்பைத் தொடவே வேண்டாம். சேமிப்புப் பகுதியைப் பென்டிரைவுக்கு மாற்றிவிடும் எக்ஸ்ட்ரூட் முறையே போதும், அதற்கான டிரைவர்களுக்கு ஃபிளாஷில் இடம் இருந்தால். அப்படி வந்தவர்களைப் பலமுறை சால்டரிங் இல்லாமலே அனுப்பி வைத்தோம்.

பயிற்சிக்காக நாம் வைத்திருக்கும் சிஸ்கோ 2500 வரிசை ரவுட்டர்களையும் இந்த ஆண்டு கவனித்தோம். அவற்றில் சால்டரிங் கிடையாது. சிம் (SIMM) எனப்படும் ஃபிளாஷ் நினைவக அட்டைகளுக்கு இரண்டு துளைகள், மொத்தம் 16 மெகாபைட் வரை. இவற்றில் சிஸ்கோவின் இயக்க மென்பொருளான ஐஓஎஸ் ஃபிளாஷிலிருந்தே நேரடியாக ஓடுவதால், ஓடிக்கொண்டிருக்கும்போது அதன்மேல் எழுத முடியாது. பூட் ரோமிலிருந்து (தொடக்க நிரல் உள்ள தனிச் சிப்பிலிருந்து) தொடங்கித்தான் புதிய படிமத்தை ஏற்ற வேண்டும். அமைப்புகள் தனியே, மின்சாரம் போனாலும் அழியாத என்வி-ராமில் இருப்பதால் அட்டை மாற்றினாலும் அவை போகாது. ஆனாலும் முதலில் நகல் எடுக்கும் பழக்கத்தை மாணவர்களிடம் வற்புறுத்துகிறோம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். டம்ப் கோப்புகள் எல்லாம் ரவுட்டர் உரிமையாளரிடம் ஒன்று, சங்கத்தின் பெட்டகத்தில் ஒன்று என வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் உறுப்பினர்களின் வைஃபை கடவுச்சொற்களும் இருக்கும் என்பதால் சங்க நகலைக் குறியாக்கம் செய்தே வைத்திருக்கிறோம்.

கீழ்க்காணும் இரண்டு முன்மொழிவுகளைச் செயற்குழு சார்பில் பொதுக்குழு முன் வைக்கிறேன். ஒன்று, இரண்டு டம்ப் எடுத்து இன்னொருவர் கையெழுத்திடும் விதியைச் சங்கத்தின் நிலையான விதியாகச் சேர்ப்பது. மற்றொன்று, சிப் மாற்றிய ரவுட்டர்களுக்கு நாம் கட்டும் ஃபர்ம்வேரை, ஓப்பன்-டபிள்யூஆர்டியின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் மறுபடி கட்டித்தரும் பொறுப்பை ஒரு நிலைக்குழுவிடம் ஒப்படைப்பது. நாம் திருத்திய டிவைஸ் ட்ரீயோடு யாராவது தொடர்ந்து கட்டித்தராவிட்டால், இந்த ரவுட்டர்கள் மறுபடியும் பழைய நிலைக்கே போகும். இந்தக் குழுவுக்குப் பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிவதற்குள் என்னிடம் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பணிமேசையில் மாலைதோறும் உட்கார்ந்த தொண்டர்களுக்கும், தங்கள் ரவுட்டரை நம்பி ஒப்படைத்த உறுப்பினர்களுக்கும் செயற்குழுவின் நன்றி. இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்