ஆறோடு நிறுத்திவிட்டார்

சாண்ட்லர், அரிசோனா
பிப்ரவரி 2026

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. மாணவர்களுக்கும் குடியேறிகளுக்கும் ஓட்டுப் போடுகிறவர்களுக்கும் குடிமையியல் தேர்வு வேண்டுமா என்று கேட்டிருந்தாய். பதில் போடாததற்குப் பாதிக் காரணம் சோம்பல், மீதிப் பாதி அம்மாவின் பரீட்சை. ஆமாம், அம்மாவுக்குத்தான், எழுபத்து நாலு வயதில்! பாஸாகிவிட்டாள். சந்தோஷத்தில் இருப்பாள் என்று நினைப்பாய். கோபத்தில் இருக்கிறாள். அதற்கு அப்புறம் வருகிறேன்.

அம்மா 2009 முதல் கிரீன் கார்டில் இருக்கிறாள். அந்த அட்டையை வைத்துக்கொண்டு ஊருக்குப் போனால் ஆறு மாதத்துக்கு மேல் கேள்வி, ஒரு வருடத்துக்கு மேல் தகராறு. அவளுக்கோ கோவில்பட்டியில் போய் இரண்டு வருடம் நிம்மதியாக உட்கார வேண்டும். ஆக, ஊரில் இருப்பதற்காக அமெரிக்கக் குடிமகள் ஆகிறாள். இதை அதிகாரியிடம் சொல்லிவிடாதே என்று காரில் போகும்போது இரண்டு முறை சொல்லி வைத்தேன்.

குடியுரிமைக்கு ஒரு குடிமையியல் தேர்வு உண்டு. அம்மா விண்ணப்பித்தபோதிருந்த முறைப்படி, நூறு கேள்விகளையும் அவற்றின் பதில்களையும் அரசாங்கமே அச்சிட்டுக் கொடுத்துவிடும். நேர்காணலில் பத்துக் கேட்பார்கள், ஆறு சரியாகச் சொன்னால் போதும். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல், கிரீன் கார்டு எடுத்துப் பதினைந்து வருடம் ஆனவர்கள் ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டாம். குடிமையியலையும் மொழிபெயர்ப்பாளரை வைத்துத் தாய்மொழியிலேயே சொல்லலாம். வயது அறுபத்தைந்து தாண்டி இருபது வருடமும் ஆகியிருந்தால் இருபது கேள்வி படித்தால் போதும். அம்மாவுக்கு நாலு வருடம் குறைந்தது. எனவே நூறும்.

நான் தமிழில் பெயர்த்து ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதம் அடுப்படி மேடையில் மிளகாய் டப்பாவுக்குப் பக்கத்தில்தான் அந்த நோட்டு. மஞ்சள் கறை படியாத பக்கம் கிடையாது. அரசியல் சட்டத்துக்கு எத்தனை திருத்தம்? இருபத்தேழு. அதை அவள் மறக்கவே இல்லை. "அசுவினியில ஆரம்பிச்சு ரேவதி வரைக்கும் எத்தனைடா? அவ்வளவுதான்" என்றாள். நம் குடிமையியல் சார் பிரம்போடு நின்று முகவுரையை ஒப்பிக்க வைத்தாரே, அவரிடம் இந்த நட்சத்திரக் கணக்கைச் சொல்லியிருக்கலாம்.

நேர்காணல் அன்று மொழிபெயர்ப்புக்கு நமக்குத் தெரிந்த தென்காசிப் பெண் ஒருவர் வந்தார். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். பிறகு அவர் சொல்லித்தான் தெரியும். முதல் உலகப் போரின்போது யார் ஜனாதிபதி என்று கேட்டதும், மொழிபெயர்ப்பவர் வாய் திறப்பதற்கு முன்னால் அம்மா "வில்சன்" என்றாளாம். அதிகாரி சிரித்துவிட்டார். வரிசையாக ஆறும் சரி. ஆறு சரியானதும் நிறுத்திவிடுவது அவர்கள் வழக்கம். அம்மாவின் கோபம் அதுதான். "நூறு படிச்சேன், ஆறோட நிறுத்திட்டானே. மிசிசிப்பி எல்லாம் கேக்கவே இல்லை." வீடு வரும் வரை இதேதான்.

இப்போது என் மகள் கயலின் கதை. அதே நூறு கேள்விகளை அவளும் பள்ளியில் எழுதினாள். 2015 ஜனவரியில் இப்படி ஒரு சட்டம் போட்ட முதல் மாநிலம் எங்கள் அரிசோனாதான். குடியேறிகளிடம் கேட்கும் கேள்விகளில் தேறாமல் பள்ளிச் சான்றிதழ் கிடையாது. சட்டம் வந்தபோது நூற்றுக்கு அறுபது எடுக்க வேண்டும் என்றிருந்தது, தேறும் வரை திரும்பத் திரும்ப எழுதலாம். கயலுக்குக் கணினியில் நாலு விடை கொடுத்து ஒன்றைத் தொடச் சொன்னார்கள். இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு வந்து, "ஈஸிப்பா" என்றாள். கிழவிக்கு நாலு விடை யாரும் கொடுக்கவில்லை.

ஆனால் ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். சட்டத்தின் ஆட்சி என்றால் என்ன என்று கயல் நோட்டைப் பார்த்துக் கேட்டாள். யாரும் சட்டத்துக்கு மேலானவர் இல்லை என்று பாட்டி ஒப்பித்துவிட்டு, கீரை ஆய்வதை நிறுத்தி, "அப்படின்னா தாசில்தாரும் கீழதானே? அப்புறம் ஏன் ஒரு பட்டாவுக்கு மூணு வருஷம் என்னை நடக்க விட்டாங்க?" என்று கேட்டாள். பட்டா என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கி, இங்கே ஒரு ஜனாதிபதி சட்டத்தை மீறினால் யார் தடுப்பார்கள் என்பது வரை இருவரும் பதினொரு மணி வரை பேசிக்கொண்டிருந்தார்கள். கயல் அந்தக் கேள்விக்குப் பள்ளியில் சரியான விடையைத் தொட்டவள்தான். அதற்குப் பொருள் உண்டு என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது போலிருந்தது.

அதனால் மாணவர்களுக்குத் தேர்வு வேண்டுமா என்ற உன் கேள்விக்கு என் பதில், பாடம் வேண்டும், இந்தத் தேர்வு வேண்டாம். விடையை முன்கூட்டியே கையில் கொடுத்துவிட்டுக் கேட்பது ஞாபகத்தை மட்டும்தான் அளக்கும். நீ இருபத்தைந்து வருடமாகச் சமூக அறிவியல் நடத்துகிறாய், உனக்கே தெரியும்.

வில்சனுக்கு வருகிறேன். அம்மா படித்த நோட்டில் இல்லாத ஒன்று இது. வரும் குடியேறிகளுக்கு எழுத்தறிவுத் தேர்வு வைக்க 1915-இல் காங்கிரஸ் (இங்குள்ள நாடாளுமன்றம்) மசோதா கொண்டுவந்தபோது தடுத்தவர் அதே வில்சன். ஒருவனுக்குப் படிக்க வாய்ப்பு கிடைத்ததா என்பதைத்தான் இது சோதிக்கும், அவன் எப்பேர்ப்பட்டவன் என்பதை அல்ல என்பது அவர் வாதம். (உத்தமர் என்று நினைத்துவிடாதே, அரசு அலுவலகங்களில் கறுப்பர்களைத் தனியே பிரித்து உட்கார வைத்த ஆட்சி அவருடையது.) 1917-இல் மறுபடியும் தடுத்தார், காங்கிரஸ் அதை மீறி நிறைவேற்றியது. பதினாறு வயதுக்கு மேல் எந்த மொழியிலும் வாசிக்கத் தெரியாதவன் உள்ளே வரக்கூடாது. அதே சட்டம் ஆசியாவில் ஒரு பெரிய வளையம் போட்டு இந்தியர்களில் பெரும்பாலோரையும் அடைத்தது. நன்றாக வாசிக்கத் தெரிந்த இந்தியத் தொழிலாளிக்கும் கதவு கிடையாது.

ஓட்டுப் போடுகிறவனுக்கும் ஒரு பரீட்சை வைத்தால் நாடு உருப்படும் என்று எழுதியிருந்தாய். சண்முகம், இதில் உன்னோடு சண்டைதான். இந்த ஊரிலேயே அதைச் செய்து பார்த்தார்கள். அரிசோனாவின் பூர்வகுடிகளுக்கு 1948-இல்தான் நீதிமன்றம் ஓட்டுரிமையை உறுதி செய்தது. அதன் பிறகும் ஆங்கிலம் வாசிக்கத் தெரிய வேண்டும் என்ற விதி நவஹோ என்ற பூர்வகுடியினரைப் பலகாலம் வெளியே நிறுத்தியது. 1970-இல் நாடு முழுவதும் தடை வந்த பிறகுதான் அது ஒழிந்தது. தென் மாநிலங்களில் இதே மாதிரித் தேர்வுகளை வைத்துக் கறுப்பர்களை ஓட்டுப் போடவிடாமல் தடுத்தது உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேள்வித்தாள் யார் கையில் இருக்கிறதோ, யார் தேற வேண்டும் என்பதையும் அவரே முடிவு செய்துவிடுகிறார்.

அம்மாவின் அம்மா 1952-இல் ஓட்டுப் போட்டவள். கைநாட்டு. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டியில் சின்னம், தெரிந்த சின்னத்தைப் பார்த்துச் சீட்டைப் போட்டுவிட்டு வந்தாள். உன் பரீட்சையில் அவள் ஃபெயில். உன் பாட்டியும்தான்.

குடியேறிகளுக்கு மட்டும் வேண்டுமா என்றால், இருந்துவிட்டுப் போகட்டும் என்பேன், அம்மா எழுதியதைப் போல எளிதாக, சொந்த மொழியில் எழுதும் வழியோடு. நம் நாட்டுக் குடியுரிமைச் சட்டம் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள தமிழ் போன்ற மொழிகளில் ஒன்று போதுமான அளவு தெரிந்தால் போதும் என்கிறது, அதுவே நியாயமாகப் படுகிறது. இங்கே கடுமையாக்கிக்கொண்டே போகிறார்கள். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 128 கேள்வி, இருபது கேட்டுப் பன்னிரண்டு சரியாக இருக்க வேண்டும். அம்மா செப்டம்பரில் போட்டதால் தப்பித்தாள். பிறந்ததாலேயே குடிமகனானவன் இவற்றில் ஒன்றுகூடத் தெரியாமல் காலத்தை ஓட்டலாம், யாரும் நாட்டை விட்டுப் போ என்று சொல்ல மாட்டார்கள்.

அடுத்த மாதம் உறுதிமொழி எடுக்கிறாள். அதோடு இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். வெளிநாட்டு இந்தியர் அட்டை வாங்கிக்கொண்டு ஊருக்கு வரலாம், இருக்கலாம், ஓட்டு மட்டும் போட முடியாது. நேற்று ராத்திரிதான் இது அவளுக்கு உறைத்தது. "அப்ப இந்த எலெக்‌ஷனுக்கு?" என்றாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

நீ எப்படியும் தேர்தல் பணிக்குப் போவாய். எங்கள் தெருவின் வாக்காளர் பட்டியலில் அம்மா பெயர் இன்னும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல். இருந்தால் அவசரப்பட்டு நீக்கச் சொல்லிவிடாதே. உறுதிமொழி எடுக்கும் வரை அவள் உங்கள் ஊர்க்காரிதான்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாரியப்பன்